நீலப் பொட்டு, சிவப்புப் பொட்டு

மார்ச் 2, திங்கள்

எனக்கு எழுத்து வராது. இந்தப் போனில் மைக் படத்தை அமுக்கிக்கொண்டு பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும் என்று மருமகள் கோகிலவாணி காட்டிக் கொடுத்திருக்கிறாள். நான் சொன்னதை எழுதுகிறதா, என்னைத் திட்டி எழுதுகிறதா, யார் கண்டது.

இன்று கோயமுத்தூர் ஆஸ்பத்திரி. ஒரே கட்டடத்தில் எனக்கு மூன்றாவது மாடி, அவளுக்கு ஐந்தாவது மாடி.

எனக்குப் போன வருடம் மூத்திரப்பைக்குக் கீழே வந்த புற்றுக்கட்டிக்குக் கரண்ட் வைத்தார்கள். இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி. அந்த ஊசி கட்டியை அடக்குகிறது, கூடவே எலும்பையும் அரிக்கிறது. இன்று படம் எடுத்துப் பார்த்த டாக்டர், "எலும்பு ரஸ்க் மாதிரி ஆயிட்டு வருது பெரியவரே. விழுந்தீங்கன்னா இடுப்பு போயிரும். வெயிட்டே தூக்காதீங்க" என்றார். ஈரோடு மஞ்சள் மண்டியில் நாற்பது வருடம் மூட்டை தூக்கிய மாரப்பனிடம் சொல்கிறார்.

கோகிலாவுக்குப் பதினெட்டாம் தேதி ஆபரேஷன் குறித்திருக்கிறார்கள். இரைப்பையை வெட்டிச் சின்னதாக்கித் தைப்பார்களாம். நூற்றுப் பதினெட்டு கிலோ இருக்கிறாள். மண்டிக் கணக்கில் ஒன்றே முக்கால் மூட்டை. சர்க்கரை, முட்டித் தேய்மானம், தூக்கத்தில் மூச்சு அடைப்பு. ஈரலில் கொழுப்பு ஏறிப் பெருத்துக் கிடக்கிறது, அது சுருங்கினால்தான் உள்ளே கருவி விட முடியும், அதனால் அதுவரைக்கும் வெறும் தண்ணி ஆகாரம் என்றார்கள்.

டயட் சொல்கிற பொண்ணு பேர் ரெஜினா. கோகிலாவிடம், "இந்த ரெண்டு வாரமும் சமையல்கட்டுப் பக்கமே போகாதீங்கக்கா. வாசனை பட்டாலே கை தானா வாய்க்குப் போயிரும்" என்றாள்.

"அப்ப ஊட்ல யாருங்க ஆக்கறது?"

இரண்டு பேரும் சேர்ந்து என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

யார் என்ன சாப்பிட்டோம் என்று சமையல் பார்க்கிறவர் தினமும் குறித்து வைக்க வேண்டும் என்றதும் அந்தப் பொண்ணுதான். அதற்காகத்தான் இந்தப் பேச்சு. என் மகன் யுவராஜிடம் போனில் சொன்னேன். அவன் போர்வெல் வண்டியோடு மத்தியப் பிரதேசத்தில் இருக்கிறான். "நீங்க பாத்துக்குவீங்கப்பா" என்றான். அந்தப் பக்கம் மெஷின் ஓடுகிற சத்தம்.

மார்ச் 3, செவ்வாய்

இரண்டு டப்பா மாவு வந்திருக்கிறது. ஒன்று அவளுக்கு. தண்ணியில் கரைத்து மூன்று வேளை, சோற்றுக்குப் பதிலாக. இன்னொன்று எனக்கு, எலும்புக்கு. பாலில் கலக்கிக் காலையும் மாலையும். ஒரே கம்பெனி, ஒரே வெள்ளை டப்பா, ஒரே உயரம். எழுத்து மட்டும் வேறே என்றாள் கோகிலா. எழுத்து வேறாக இருந்து எனக்கென்ன.

மண்டியில் எங்களில் ஒருத்தருக்கும் படிக்கத் தெரியாது. மூட்டை வாயைத் தைத்த இடத்தில் கடைக்கு ஒரு நிறத்தில் பொட்டு வைத்திருப்பார்கள். வாயைப் பார்த்தால் போதும். இன்னார் சரக்கு, இன்ன கிட்டங்கி என்று கால் தானாகப் போகும். என் முதுகில் ஏறி ஒரு மூட்டை இடம் மாறிப் போனதில்லை.

கேட்டுக்கு அடித்த பெயிண்ட் மிச்சம் இருந்தது. அவள் டப்பா மூடியில் நீலப் பொட்டு வைத்தேன். என் மூடியில் அவளுடைய நகப்பாலிஷால் சிவப்புப் பொட்டு.

"நான் எழுந்திரிச்சு எடுத்துக் குடுக்க மாட்டேனுங்களா மாமா?" என்றாள்.

"உன்னைத்தான் அடுப்படிக்கு வரக்கூடாதுன்னு சொல்லியிருக்குதே அம்மிணி. அக்கட்டப் போய் உக்காரு."

மார்ச் 4, புதன்

எனக்கு: ராகிக் கூழ், முருங்கைக்கீரை, முட்டை, எலும்பு மாவு போட்ட பால். மாவு மட்டும் வாய்க்கு வழங்குகிறது, நன்றாக இனிக்கிறது. மற்றதெல்லாம் தண்டனை. காலை வெயிலில் சட்டையில்லாமல் உட்காரவும் வேண்டுமாம். தெருவே பார்க்கிறது.

அவளுக்கு: நீலப் பொட்டு மாவு மூன்று வேளை, மோர், வடிகட்டின ரசம். ஒரு வேளைக்கு ஒரு கரண்டி என்பது கணக்கு. கரண்டி கொஞ்சம் கூம்பாக விழுந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

குடிக்கும்போது அவள் முகம் போன போக்கைப் பார்க்கச் சகிக்கவில்லை. ரசத்தில் பருப்பு ஒன்று மிதந்தது. அதை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டுக் குடித்தாள்.

மார்ச் 6, வெள்ளி

எள்ளுருண்டை. எனக்குப் பல்லே இல்லை என்பதை ரெஜினாவிடம் யார் சொல்வது.

மார்ச் 7, சனி

எறும்பு. என் டப்பாவைச் சுற்றி ஒரு திருவிழாக் கூட்டம். இரண்டு மூடியையும் சோப்புப் போட்டுக் கழுவிச் சுவர் மேல் காய வைத்தேன். மூட வரும்போது யுவராஜ் போன் செய்தான். அவனுக்கு இப்போதுதான் பொண்டாட்டி ஞாபகம் வந்திருக்கிறது. "அவ எதாச்சும் களவாண்டு திங்கறாளாப்பா?" என்று கேட்டான். நீ வீட்டில் இருந்தால்தானே தெரியும் என்று சொல்லி, பேசிக்கொண்டே டப்பாக்களை மூடி மாடத்தில் ஏற்றினேன்.

மார்ச் 8, ஞாயிறு

என் மாவில் ருசி போய்விட்டது. நேற்றுவரை பாயசம் மாதிரி இருந்தது, இன்று சுண்ணாம்புச் சுவரை நக்கின மாதிரி இருக்கிறது. டப்பா திறந்தால் காற்றுப் பட்டுக் கெட்டுப் போகும் போல. இப்படி ஒரு சரக்கை மண்டியில் இறக்கியிருந்தால் மூட்டையோடு திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

கோகிலா இன்று டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அப்புறம் டம்ளரைப் பார்த்தாள். "என்ன அம்மிணி?" என்றேன். "ஒண்ணுமில்லீங்க மாமா" என்று மிச்சத்தையும் குடித்தாள். அவளுக்கு வாய் பழகிவிட்டது. இன்று முகம் சுளிக்கவில்லை.

மார்ச் 9, திங்கள்

எறும்பு இப்போது அவள் டப்பாவுக்குப் போகிறது. என் மாவு எறும்புக்கே வெறுத்துவிட்டது.

நான் குடித்து முடித்ததும் டம்ளரைக் கவிழ்த்துக் காட்டச் சொல்கிறாள். சின்னப் பிள்ளையை விரட்டுகிற மாதிரி. சத்துணவு அமைப்பாளர் வேலை பார்க்கிறவள், பள்ளிக்கூடத்துப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. வாசலில் போய்க் காற்று வாங்கிக்கொண்டே குடிக்கிறேன். வந்து கவிழ்த்துக் காட்டுகிறேன். ஒரு சொட்டு விழாது.

மார்ச் 10, செவ்வாய்

வாசல் செம்பருத்தி வாடுகிறது. வெயில்தான் காரணம்.

என் தங்கச்சி பாவாயி பவானியில் இருந்து வந்தாள், தூக்குப்போசி நிறைய நாட்டுக்கோழிக் குழம்போடு.

"அறுக்கறதுக்கு முன்னாடி புள்ள வாய்க்கு ருசியா நாலு வாய் திங்கட்டுமுங்கண்ணா."

"அவ திங்கக்கூடாது பாவாயி."

"அதென்னங்கண்ணா அக்குருமம். வாயைக் கட்டறதுக்கு வயித்தையா அறுப்பாங்க? வாயைத் தெச்சுட்டாச் செலவு கம்மி."

கோகிலா உள்ளே இருந்தாள். கேட்டிருக்கும். இதையே நானும் இரண்டு மாதம் முன்னால் சொன்னவன்தான். ஆனாலும் வேறு ஒருத்தி வந்து சொன்னால் காதுக்கு ஆகவில்லை. குழம்பைத் திருப்பிக் கொண்டு போகச் சொன்னேன். "உங்களுக்குமாங்கண்ணா?" என்றாள். எனக்குக் கொஞ்சம் ஊற்றிவிட்டுக் கொண்டு போகச் சொன்னேன்.

மார்ச் 12, வியாழன்

காலையில் எடை மிஷினில் ஏறினாள். நான்கு கிலோவாவது இறங்க வேண்டும் என்று ரெஜினா சொல்லியிருந்தாள். அரைக் கிலோ இறங்கியிருக்கிறது. அதுவும் அவள் காதில் கிடந்த தோட்டைக் கழற்றியதால் இருக்கும்.

எனக்குச் சுருக்கென்று வந்தது. இங்கே நான் அடுப்படியில் வேகிறேன். இவள் பள்ளிக்கூடத்தில் அண்டா நிறையச் சாம்பார் சாதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். யாருக்குத் தெரியும்?

மத்தியானம் பள்ளிக்கூடம் வரைக்கும் நடந்தேன். எலும்புக்கு நடை நல்லது என்று சொல்லியிருக்கிறார்கள் அல்லவா, அதற்காக. வேப்பமரத்தடியில் நின்றால் சத்துணவுக் கூடம் முழுக்கத் தெரியும். பிள்ளைகள் வரிசையில் தட்டோடு நின்றார்கள். இவள் முட்டை வைத்துக்கொண்டே போனாள். ஒரு பொடிசு, "டீச்சர், உங்களுக்கு முட்டை?" என்று கேட்டது. "எனக்கு ஆபரேசன் கண்ணு, டாக்டர் அடிப்பாரு" என்றாள். எல்லாம் முடிந்து அண்டாவைக் கழுவக் கொடுத்தபின் ஒரு ஓரமாகத் திரும்பி உட்கார்ந்து, நான் கலக்கிக் கொடுத்த பாட்டிலை எடுத்துக் குடித்தாள். கரண்டியில் ஒட்டின சாம்பாரைக்கூட விரலால் தொடவில்லை.

அந்தப் பள்ளிக்கூடத்தில் வயசானவன் உட்கார ஒரு பெஞ்சு கிடையாது. எரிச்சலோடு திரும்பி வந்தேன். தின்னவும் இல்லை, இறங்கவும் இல்லை என்றால் இது என்ன உடம்பு.

மார்ச் 16, திங்கள்

ஆஸ்பத்திரியில் வயிற்றை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். ஈரல் சுருங்கவில்லை. சர்க்கரையும் ஏறியிருக்கிறது. புதன்கிழமை ஆபரேஷன் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

பெரிய டாக்டர், சின்ன டாக்டர்கள், நர்சுகள், பத்துப் பேர் நிற்கிறார்கள். "சொன்னபடி இருந்திருந்தா இப்படி இருக்காதும்மா. என்ன சாப்பிட்டீங்க, மறைக்காமச் சொல்லுங்க" என்றார் பெரிய டாக்டர்.

நான் வாயைத் திறக்குமுன் கோகிலா சொன்னாள். "ஆமாங்க டாக்டர். ஸ்கூல்ல சாப்பிட்டுட்டேனுங்க. தப்புதானுங்க."

நான் கண்ணால் பார்த்தவன். சொல்ல வந்தேன். என் கையைப் பிடித்து அமுக்கினாள், எலும்பு நொறுங்குகிற மாதிரி. பஸ்ஸில் திரும்பும்போது பெருந்துறையில் ஒருத்தன் வேர்க்கடலை விற்றான். எனக்கு வாங்கிக் கொடுத்தாள், எலும்புக்கு நல்லது என்று.

மார்ச் 17, செவ்வாய்

மருந்துக் கடைக்குப் போய் வந்தேன். இன்று வேறொன்றும் இல்லை.

மார்ச் 18, புதன்

சொல்லித்தான் ஆக வேண்டும்.

நேற்றுக் காலையில் நீலப் பொட்டு டப்பா காலி. ஆபரேஷன் தள்ளிப் போனாலும் இன்னொரு டப்பா வேண்டுமே என்று காலி டப்பாவையே தூக்கிக்கொண்டு போனேன். காட்டி வாங்குவதுதான் என் வழக்கம். கடைக்காரர், "அதுக்குள்ள தீத்துட்டீங்களா பெரியவரே? எலும்பு இரும்பாயிருக்குமே" என்றார்.

"இது எனக்கில்லீங்க. மருமகளுக்கு."

"மருமகளுக்கா? அவங்களுக்குத்தான் சக்கரை இருக்குதுங்களே. இது வயசானவங்களுக்குங்க. முக்கால்வாசி சீனி."

கடை வாசலில் வெயிலில் நின்றேன். எறும்பு வந்த நாள், சுவர் மேல் காய்ந்த மூடி, யுவராஜ் போன், எல்லாம் வரிசையாக வந்தது. மூட்டைக்கு வாயும் வயிறும் ஒரே சாக்கு. தைத்த வாய் இன்னொரு மூட்டைக்குப் போகாது. டப்பாவுக்கு மூடி தனி. பொட்டை வயிற்றில் வைத்திருக்க வேண்டும். வாயில் வைத்தவன் நான்.

நேற்று முழுக்கச் சொல்ல நா எழவில்லை. இன்று சாயங்காலம் அவள் பள்ளிக்கூடத்தில் இருந்து வரும்போது இரண்டு டப்பாவையும் மூடியைக் கழற்றி நடுக்கூடத்தில் வைத்தேன்.

"இதென்னங்க மாமா, கடை பரப்பியிருக்கறீங்க?"

"மூடி மாறிப்போச்சு அம்மிணி. எறும்பு வந்த அன்னைக்கு. இத்தன நாளும் உனக்கு என்ர மாவைக் கலக்கிக் குடுத்துப்போட்டேன்."

பையை ஆணியில் மாட்டினாள். "தெரியுமுங்க" என்றாள்.

"என்ன தெரியும்?"

"மொத நாளே தெரியுமுங்க. எனக்கு நாக்கு இல்லீங்களா? எழுத்தும் தெரியுமல்லங்க. மாடத்துல போய்ப் பாத்தேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பக்கத்து வீட்டில் டிவியை நிறுத்திவிட்டுக் கேட்கிற அளவுக்குக் கத்தினேன். சர்க்கரைக்காரி சீனியைக் குடித்திருக்கிறாள். பத்துப் பேர் முன்னால் தின்னாத சோற்றைத் தின்றேன் என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கிறாள்.

"பின்ன என்னங்க சொல்றது? எங்க மாமனார் மாத்திக் கலக்கிட்டாருன்னா?"

"அது போகட்டும். தெரிஞ்சே ஏன் குடிச்சே?"

தரையில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டாள். "ஆபரேசன் தள்ளிப் போனாத் தேவலைன்னு இருந்துச்சுங்க. நானா வேண்டாமுன்னா அவரு போன்லயே கத்துவாரு. டப்பா மாறுனா யாரு மேலயும் குத்தமில்லைன்னு விட்டுட்டேன்."

"கத்தின்னா அத்தனை பயமா?"

"கத்திக்கு இல்லீங்க." நிமிர்ந்து பார்த்தாள். "போன வருசம் கரண்ட் வெச்சுட்டு வந்தப்ப பாத்ரூம்ல விழுந்தீங்களே. யாருங்க தூக்குனா?"

அவள்தான். கதவை ஒரே தள்ளு. ஈரத் தரையில் முட்டி போட்டு, ஒரு கையைத் தோளுக்குக் கீழேயும் ஒரு கையைத் தொடைக்குக் கீழேயும் கொடுத்து ஒரே மூச்சில் தூக்கிக் கட்டிலில் கிடத்தினாள். என் துணியைப் பற்றி நான் கூச்சப்படக்கூட நேரம் விடவில்லை. மண்டியில் எத்தனையோ பேர் தூக்கிப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு பிடி ஒருத்தனுக்கும் இருந்ததில்லை.

"ஆபரேசன் ஆனாக் கொஞ்ச மாசத்துக்கு ஒண்ணும் தூக்கக்கூடாதாமுங்க. அப்பறமும் மெலிஞ்சு, ஒடம்புல பலமில்லாமக் கெடப்பேன். நீங்க ரஸ்க்காட்ட இருக்கறீங்க. நீங்க விழுந்தா அவரு மத்தியப் பிரதேசத்துல இருந்து ஓடி வருவாருங்களா?"

"நான் ஏன் விழறேன்? அதுக்குத்தான் பாலும் மாவும் குடிக்கறனல்ல."

"நீங்க எங்கீங்க மாமா குடிச்சீங்க, செம்பருத்தியல்ல குடிச்சுது. அதோட வேரைப் பாருங்க, வெள்ளை கட்டியிருக்குது. எலும்பு வேணா அதுக்கு நல்லா ஊறியிருக்கும்."

வாசல் பக்கம் எட்டிப் பார்த்தேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதாள். இரண்டில் ஒன்றைச் செய்யச் சொன்னேன்.

மார்ச் 19, வியாழன்

ரெஜினாவுக்கு நானே போன் போட்டு எல்லாம் சொன்னேன். செம்பருத்தியையும் சொன்னேன். "ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல அட்மிட் பண்ணணும் தாத்தா" என்றாள். பெரிய டாக்டரிடம் சொல்லி ஏப்ரல் எட்டாம் தேதி வாங்கிக் கொடுத்தாள். கோகிலா சாப்பிட்டதாகச் சொன்னது பொய் என்பதையும் அவரிடம் சொல்ல வேண்டும் என்று சொன்னேன். அதுதான் எனக்கு முக்கியம்.

டப்பா வயிற்றில் பொட்டு வைத்தேன். அடியிலும் வைத்தேன். மூடியைப் பழைய இரும்புக்காரனுக்குப் போடலாம் என்று பார்த்தேன், எறும்புக்காக விட்டுவைத்தேன்.

கோகிலாவும் நானும் ஒரு பேச்சு பேசிக்கொண்டோம். அவள் கண் முன்னால் நான் குடிப்பேன். என் கண் முன்னால் அவள் குடிப்பாள். நான் விழமாட்டேன். அவள் தள்ளிப்போட மாட்டாள்.

மார்ச் 25, புதன்

ராகி. எள்ளு. மீன் முள்ளோடு மென்று தின்னச் சொல்கிறாள், பல்லில்லாதவனை. மிக்ஸியில் அரைத்துக் கொடுத்தால் தின்பேன் என்றேன். நான்தான் அரைக்க வேண்டும் என்றாள். அரைத்தேன். தின்றேன். கரண்டியைக் கூம்பாக எடுக்காமல் வழித்து எடுக்கிறேன்.

ஏப்ரல் 2, வியாழன்

நான்கு கிலோ இறங்கியிருக்கிறாள். முகம் செத்துப்போய் இருக்கிறது. எதிர்த்த வீட்டில் வடை சுட்டார்கள். ஜன்னலைச் சாத்தினேன். இந்த வெயிலில் ஜன்னலைச் சாத்தி இரண்டு பேரும் வெந்தோம்.

ஏப்ரல் 8, புதன்

யுவராஜ் நேற்று வந்துவிட்டான், தலையெல்லாம் பாறைத் தூசியோடு. ஆபரேஷன் கூடத்துக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்தவன் தூங்கிவிட்டான். இவனெல்லாம் ஒரு புருஷன். அப்புறம் பார்த்தால் கையில் அவளுடைய வளையலையும் தோட்டையும் வைத்து மூடிக்கொண்டே தூங்குகிறான்.

மணி என்ன என்று நான் கேட்டுக்கொண்டே இருந்ததால் நர்சு என்னை உட்காரச் சொல்லித் திட்டினாள். காலையில் பால் குடிக்கவில்லை என்பது ஞாபகம் வந்தது. கான்டீனில் வாங்கிக் குடித்தேன். காட்ட ஆளில்லாமல் டம்ளரைக் கவிழ்த்து வைத்தேன்.

மூன்று மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். "ஈரல் நல்லாச் சுருங்கியிருந்துச்சு பெரியவரே. பிரச்சினை இல்லாம முடிஞ்சுது" என்றார்.

ஏப்ரல் 9, வியாழன்

அதற்குள் அவளை நடக்கச் சொல்கிறார்கள். யுவராஜ் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டான். நான் பின்னாலேயே போனேன். "தாத்தா, நீங்க எதுக்கு? விழுந்தா நீங்க பிடிக்க முடியாது" என்றாள் நர்சு. பிடிக்க வரவில்லை, சும்மா வருகிறேன் என்றேன். வராந்தா கடைசி வரைக்கும் போய்த் திரும்பினோம்.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரை ஒன்று. வீட்டுக்கு வந்தாயிற்று. ஒரு அவுன்ஸ் மோரை அரை மணி நேரம் குடிக்கிறாள். பாவாயி பாயசம் கொண்டு வந்து என்னிடமே கொடுத்துவிட்டு, கோகிலாவிடம் ஒன்றும் சொல்லாமல் தலையைத் தடவிவிட்டுப் போனாள்.

ஜூலை 6, திங்கள்

மறுபடி ஆஸ்பத்திரி. அவள் இருபத்திரண்டு கிலோ இறங்கியிருக்கிறாள். ஒரு மூட்டையில் மூன்றில் ஒரு பங்கு. எங்கே இறக்கி வைத்தாளோ. படி ஏறும்போது நிற்காமல் ஏறினாள். நான்தான் நின்றேன்.

என் எலும்பு மேலே மோசமாகவில்லை, ஊசியையும் வைத்துக்கொண்டு இது பெரிய விஷயம் என்றார் மூன்றாவது மாடி டாக்டர். ஐந்தாவது மாடியில் ரெஜினா வேறு கதை சொன்னாள். வயிறு சின்னதானவர்களுக்கும் எலும்பு தேயுமாம். கோகிலாவும் ஆயுசுக்கும் சுண்ணாம்புச்சத்து மாத்திரை, வெயில், ராகி, முட்டை எல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

"இனிமே அக்காவுக்கும் எலும்பு, உங்களுக்கும் எலும்பு. உங்களுக்குச் சக்கரை வேற எல்லையில நிக்குது தாத்தா. அந்த இனிப்பு மாவு வேண்டாம். ரெண்டு பேருக்கும் சீனி இல்லாதது, ஒரே டப்பா."

எனக்கிருந்த ஒரே இனிப்பும் போனது.

சாயங்காலம் பொட்டில்லாத புது டப்பாவைத் திறந்து அவள் பங்கைத் தண்ணியிலும் என் பங்கைப் பாலிலும் கலக்கினாள். அதே சுண்ணாம்புச் சுவர். செம்பருத்திப் பக்கம் பார்க்காமல் குடித்து முடித்தேன்.

"கவுத்துங்க" என்றாள்.

கவிழ்த்தேன்.

"நீயும் கவுத்து அம்மிணி" என்றேன்.